மெத்தைக்குக் கீழே

ஆஸ்பத்திரியிலிருந்து கேதீசன் எண்ட பெடியன் வந்தவன்.
செருப்பைக் கழட்டிப்போட்டு, கட்டிலைக் காட்டுங்கோ எண்டான்.
ரெண்டு பேருமாய் மெத்தையைத் தூக்கினம்.
கீழே ஒரு அறுந்த செபமாலை, ரெண்டு லைற் பில்,
தொலைச்சுப்போட்டாரெண்டு நான் ஒரு மாசம் ஏசின
அடகுத் துண்டு.
அவன் ஒண்டையும் காணாதமாதிரி
சேலைக் கரையளவு அகலத்திலை ஒரு பட்டியை விரிச்சான்.

'இது கிடக்கிறதே அவருக்குத் தெரியாது அன்ரி.
நெஞ்சிலை ஒண்டும் ஒட்டத் தேவையில்லை,
விரலிலை ஒண்டும் மாட்டத் தேவையில்லை.
மூச்சை அதுவே எண்ணும்.'

எண்ணட்டும்.
நான் பிளேன்ரீ ஊத்தப் போனன்.

வார்ட்டிலை எட்டு நாள் கிடந்தவர்.
வலையிலை பட்ட திருக்கை மாதிரித் துள்ளி
ஒட்டின வயரெல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சவர்.
ஒவ்வொரு முறையும் மெஷின் கத்த,
நேர்ஸ் பிள்ளை ஓடிவர,
பக்கத்துக் கட்டில் சுண்ணாகத்து ஐயா எழும்பியிருந்து
'இண்டைக்கும் நித்திரை இல்லை' எண்டு சுவரோடை கதைச்சவர்.
அதுதான் இந்தப் பட்டி.

எமில் சுழியோடி. குருநகரிலை கேட்டால் சொல்லுவினம்.
சிலிண்டர் வாறதுக்கு முந்தியே
பாலைதீவுக்கு அங்காலை மூச்சைப் பிடிச்சு இறங்கி
சங்கோடை வந்த ஆள்.
நித்திரையிலையும் இறங்குவார்.
கலியாணம் முடிச்ச மூண்டாம் இரவு
குறட்டை சட்டெண்டு நிண்டு, வீடே நிண்டமாதிரி.
நான் குழறிக்கொண்டு மாமியைக் கூப்பிட்டன்.
மாமி கதவடியிலை நிண்டு சிரிச்சா.
'கடல்காரனுக்கு அப்பிடித்தான், போய்ப் படு.'

படுத்தன். எண்ணினன்.
முப்பது, முப்பத்தஞ்சு, முப்பத்தெட்டு.
பேந்து முழங்கையாலை ஒரு இடி.
இருபத்தாறு வருசம்.
காத்தை இழுத்துக்கொண்டு மேலை வருவார்,
மற்றப் பக்கம் திரும்புவார்,
விடியத் தேத்தண்ணி குடிக்கேக்கை
ஒரு சொட்டு ஞாபகமும் இராது.
நானும் சொன்னதில்லை.
சொல்லுறதுக்கு அதிலை என்ன கிடக்கு?

கிளினிக்கிலை டொக்டர் திரையைத் திருப்பிக் காட்டினா.
அலை, அலை, பிறகு வெறுங்கோடு.
ஒரு இரவிலை இருபத்தொரு தரம்.
கோடு முடியிற இடமெல்லாம்
பனை நட்டமாதிரி ஒரு குத்து.

டொக்டருக்குக் கோட்டிலை கவலை,
கேதீசனுக்குக் குத்திலை.
'இது அவற்றை மூச்சில்லை டொக்டர். மெத்தை ஆடுது.
பிழையான தகவல்.
வடிச்செடுத்தால் படம் துப்பரவாய் வரும்.'

என்ரை இடது முழங்கையைப் பார்த்தன்.
தோல் கறுத்துத் தடிச்சு,
ஆனையிறவு உப்புச் சாக்குமாதிரி.

'அழிக்காதை தம்பி' எண்டன். 'அது நான்.'

ஒருத்தரும் கதைக்கேல்லை.
மேலை காத்தாடி கிறீச்சிட்டுக்கொண்டு சுத்தினது.
எமில் மெல்லமாய் என்ரை பக்கம் திரும்பினார்.
'அப்ப நான் தானாய் மேலை வாறேல்லையோ?'

இப்ப மூக்குக்கு ஒரு முகமூடி தந்திருக்கினம்.
காத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.
கண்ணாடி போட்டு இறங்கப் போறவர்மாதிரி
ஒவ்வொரு இரவும் பெருவிரலைக் காட்டிப்போட்டுத்தான் படுக்கிறார்.
'இனி நீங்கள் நித்திரை கொள்ளலாம் அன்ரி,
ஏதுமெண்டால் எங்கடை போன் அடிக்கும்'
எண்டு சொல்லிப்போட்டுப் போனான் கேதீசன்.

எப்பிடிக் கொள்ளுறது?
ரெண்டு மணிக்குக் கண் திறக்கும்.
ஒண்டு, ரெண்டு, மூண்டு, மூச்சு.
ஒண்டு, ரெண்டு, மூண்டு, மூச்சு.
நாலுக்கு மேலை ஒரு எண்ணும் தேவைப்படேல்லை.
வேலை போன ஆளைப்போலக் கூரையைப் பாத்துக்கொண்டு கிடப்பன்.

நேற்று, முகமூடிக்குள்ளை காத்து இரையிறது கேக்குதோ எண்டு
என்ரை மூச்சை அடக்கிக்கொண்டு காது குடுத்தன்.
எவ்வளவு நேரமோ தெரியாது.

இடப்பக்கத்திலையிருந்து ஒரு முழங்கை வந்து இடிச்சுது.
பழக்கமில்லாத கை.
விலா இன்னும் நோகுது.